கோடையில் அமெரிக்கா போகிறவர்களுக்கு: வெயிலும் ஸ்டியரிங்கும்

(நமது சங்கத்தின் மார்ச் மாதக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம். பேசியவர் பேருந்துப் பணிமனையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நமது பி பிளாக் குடியிருப்பாளர்.)



தண்ணீர் லாரிக் கணக்கைப் பேசி முடித்த கையோடு என்னைக் கூப்பிட்டிருக்கிறார் செயலாளர். அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொரு சூட்டைப் பற்றிப் பேசச் சொல்கிறார். அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன். பின்னால் டீயும் பக்கோடாவும் காத்திருப்பது எனக்கும் தெரியும்.

மே, ஜூன் வந்தால் நம் குடியிருப்பில் பூட்டிக் கிடக்கிற வீடுகள் அதிகம். பாதிப் பேர் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போயிருப்பார்கள். போனவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதில்லை. மகனோ மருமகனோ ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்து லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன், டெத் வேலி என்று ஒரு சுற்று கூட்டிப் போவார். பாதி தூரத்தில் "நீ தூங்குப்பா, கொஞ்ச நேரம் நான் ஓட்டுறேன்" என்று நம்மில் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்கு இரண்டு முறை போய் அந்தப் பக்கமெல்லாம் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு முறை ஜூலையில், ஒரு முறை நவம்பரில். நவம்பரில் போங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. ஆனால் நம் பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறை என் ஆலோசனைப்படி நடப்பதில்லை. அதனால் கோடையில் போகிறவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

நம் ஆட்களிடம் இரண்டு வாக்கியங்களை அடிக்கடி கேட்கிறேன். ஒன்று, "நாம பார்க்காத வெயிலா?" இன்னொன்று, "மெட்ராஸ்ல வண்டி ஓட்டினவன் உலகத்துல எங்கேயும் ஓட்டுவான்." இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் தெரியாத விஷயத்தில் மனுஷன் ஜாக்கிரதையாக இருப்பான். தெரியும் என்று நினைக்கிற விஷயத்தில் பழக்கத்தின்படி நடப்பான். அந்தப் பழக்கம்தான் அங்கே ஆளைக் கவிழ்க்கிறது.

முதலில் வெயில். சென்னையில் பதிவான உச்சம் 2003 மே 31 அன்று, 45 டிகிரி. அன்றைக்கு இங்கே இருந்தவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். டெத் வேலியில் ஃபர்னஸ் கிரீக் என்கிற இடத்தில் 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. உலக வானிலை அமைப்பு அங்கீகரித்த உச்சம் அதுதான். பழைய கதை என்று விடவேண்டாம். 2024 ஜூலை மாதம் முழுவதையும், ராப்பகல் சேர்த்து, சராசரி எடுத்தால் அங்கே 42.5 டிகிரி வந்தது. நம் ஊரில் அக்னி நட்சத்திரத்து மத்தியானம் 42 என்றால் பத்திரிகையில் முதல் பக்கச் செய்தி. அங்கே நடு ராத்திரியையும் சேர்த்த சராசரி அது.

ஏன் அப்படி? அந்தப் பள்ளத்தாக்கின் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. பேட்வாட்டர் என்ற இடம் 86 மீட்டர் கீழே. இரண்டு பக்கமும் உயரமான மலைகள், நடுவே நீளமான குறுகலான வாணலி மாதிரி நிலம். சூடாகி மேலே போகிற காற்று வெளியேற வழியில்லாமல் மறுபடி கீழே இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தத்தால் இன்னும் சூடாகிறது. வெயிலைத் தாங்க மரம் இல்லை. நமக்கு ஒரு நல்ல மழை நாளில் கொட்டுவது அங்கே ஒரு வருஷத்து மழை.

சென்னை வெயிலுக்கும் அதற்கும் முக்கியமான வித்தியாசம் ஈரப்பதம். இங்கே வியர்வை வழிகிறது, சட்டை முதுகில் ஒட்டுகிறது, "அப்பா, என்ன புழுக்கம்" என்று நாமே போய்த் தண்ணீர் குடிக்கிறோம். நம் உடம்பு எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அங்கே காற்று எலும்பு மாதிரி உலர்ந்தது. வியர்வை வெளியே வந்த கணமே ஆவியாகிவிடும். தோல் காய்ந்திருக்கும். "வியர்க்கவே இல்லை, பரவாயில்லை, நம்ம ஊரைவிடத் தேவலாம்" என்று தோன்றும். நான் இறங்கிய முதல் பத்து நிமிஷம் என் மனைவி சொன்ன வார்த்தை அதுதான். சாயங்காலம் அவள் கறுப்புச் சுடிதாரில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். உப்பு. உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் போய், உப்பு மட்டும் துணியில் தங்கிவிட்டது.

இன்னொரு விஷயம், வண்டியில் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் காட்டும். முப்பதைக் கழித்துப் பாதியாக்கினால் செல்சியஸ் என்று பிள்ளைகள் சொல்லித் தருவார்கள். சாதாரண நாளுக்கு அது சரிவரும். கடும் வெயிலுக்கு உதவாது. 120 என்று காட்டினால் அந்தக் கணக்குப்படி 45, உண்மையில் 49. அந்த நாலு டிகிரி சாதாரண விஷயம் கிடையாது. 100 என்றால் 38, 110 என்றால் 43, 120 என்றால் 49, 130 என்றால் 54. இதை ஒரு சீட்டில் எழுதி வண்டியில் ஒட்டிவிடுங்கள்.

இப்போது நான் கொஞ்சம் கூச்சமான விஷயம் பேசப்போகிறேன். முன் வரிசையில் இருக்கிற அம்மாக்கள் மன்னிக்க வேண்டும், உங்களுக்காகத்தான் பேசுகிறேன். நம் பெண்கள் வண்டிப் பயணம் என்றால் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். வழியில் பாத்ரூம் இருக்குமோ இருக்காதோ, இருந்தாலும் சுத்தமாக இருக்குமோ என்ற பயம். நம் ஊர் நெடுஞ்சாலைகளில் நாற்பது வருஷம் பஸ்ஸில் போய் வந்த பழக்கம் அது. அவர்கள் மேல் குற்றம் இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு டெத் வேலிக்குள் போகக் கூடாது. குறைந்தது நாலு லிட்டர் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டும் என்கிறது பூங்கா நிர்வாகம். நடந்தால் அதற்கு மேல். பூங்காவுக்குள் முக்கியமான இடங்களில் கழிப்பறை இருக்கிறது. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் மருமகனிடம் "ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிடுங்கள். சொல்ல ஒரு மாதிரி இருந்தால் பேத்தியை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, தலை சுற்றினாலும் நாம் சொல்வதில்லை. "பாவம், லீவு போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கான், நாம எதுக்கு அவன் சந்தோஷத்தைக் கெடுக்கணும்" என்று கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வோம். பிள்ளைகள் அதைத் தூக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். உஷ்ணத்தில் உடம்பு தளர்கிறவருக்கும் தூங்குகிறவருக்கும் பின் சீட்டில் வித்தியாசம் தெரியாது. இங்கே இருக்கிற மகன்கள், மகள்கள் யாராவது அப்பா அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால், அரை மணிக்கு ஒரு தடவை ஏதாவது கேட்டுப் பதில் வாங்குங்கள். "சரியா இருக்கியா?" என்று கேட்காதீர்கள், "சரியா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டோம்?" என்று கேளுங்கள். பதில் குழறினால், சம்பந்தமில்லாமல் வந்தால், அது ஆபத்து.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். வியர்வையோடு உப்பும் போகிறது. லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் மட்டும் குடித்துச் சாப்பாடு இல்லாமல் இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் வரும். இங்கிருந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து எடுத்துப் போங்கள், இடத்தை அடைக்காது. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அளவு மாறக் கூடாது. இருதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்க வேண்டும். வெயிலில் அது உடம்பிலிருக்கும் தண்ணீரை இன்னும் குறைக்கும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் அதை வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியில் விட்டுவிட்டு இறங்கவே கூடாது.

நிறுத்தின வண்டி எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்பது பல பேருக்குத் தெரியாது. முதல் பத்து நிமிஷத்திலேயே உள்ளே சுமார் 11 டிகிரி ஏறிவிடும். "குழந்தை தூங்குது, ரெண்டு போட்டோ எடுத்துட்டு வந்துடறோம், தாத்தா இருக்கட்டும் கூட" என்பது தாத்தாவுக்கும் குழந்தைக்கும் சேர்த்து ஆபத்து.

செருப்பு. நாம் ஹவாய் செருப்போடு உலகம் சுற்றுகிறவர்கள். 2024 ஜூலையில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பயணி அங்கே மணல் மேட்டில் நடக்கும்போது செருப்பை இழந்து, பாதம் வெந்து, மருத்துவமனைக்குப் போகவேண்டியதாயிற்று. 1972இல் அந்தத் தரையின் வெப்பம் 94 டிகிரி என்று அளந்திருக்கிறார்கள். காற்றின் வெப்பத்தைச் சொல்லவில்லை, தரை. கொதிக்கிற தண்ணீருக்கு ஆறு டிகிரிதான் பாக்கி. மூடின ஷூ போடுங்கள், சாக்ஸோடு.

நம் பழக்கங்களில் அங்கே நன்றாகப் பலிப்பது ஒன்று உண்டு: ஈரத் துண்டு. சென்னைப் புழுக்கத்தில் அது சும்மா நசநசக்கும். உலர்ந்த காற்றில் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டால் ஏ.சி. மாதிரி குளிரும். ஆனால் அரை மணியில் காய்ந்துவிடும்; மறுபடி நனைக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத் தண்ணீர் எடுங்கள்.

யாராவது குழப்பமாகப் பேசினாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். அந்த நேரத்தில் காத்திருக்கக் கூடாது. 911 அழைத்துவிட்டு, நிழலிலோ ஏ.சி.யிலோ படுக்கவைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தப்பினவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நெஞ்சில் போய்விடும்.

கிராண்ட் கேன்யனைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அதன் தென் விளிம்பு ஏழாயிரம் அடி உயரம். கோடையிலும் இதமாக இருக்கும். கீழே ஆறு வரைக்கும் பாதை போகிறது. நாம் பழநியிலும் திருப்பதியிலும் உடம்பில் தெம்பு இருக்கும்போது ஏறி, களைத்த பிறகு இறங்குகிறவர்கள். அங்கே தலைகீழ். சந்தோஷமாக இறங்கிவிட்டு, களைத்த பிறகு ஏறவேண்டும். இறங்க இறங்க வெப்பம் கூடும். ஆற்றங்கரையில் 40ஐத் தாண்டுவது கோடையில் சர்வசாதாரணம். விளிம்பில் நின்று பார்த்தாலே போதும். அறுபதைத் தாண்டினவர்களுக்கு என் அபிப்பிராயம் இது; கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி வண்டி. இது என் பழைய தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசுவேன்.

டெத் வேலி நிர்வாகம் தன் பாதுகாப்பு அறிவிப்பில் சொல்கிற ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. அங்கே அதிகம் பேர் சாவது வெயிலால் இல்லை. வேறு வண்டி எதுவும் மோதாமல், தனியாகப் போகிற வண்டி சாலையை விட்டு இறங்கி ஏற்படும் விபத்தில்தான். காலியான நேர்ச்சாலை, நல்ல தார், எதிரே ஒருவரும் இல்லை. அங்கே எப்படிக் கவிழும்?

பணிமனையில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நாம் வலது பக்க ஸ்டியரிங்கில் பழகியவர்கள். வண்டியின் பெரும்பகுதி நமக்கு இடதுபுறம் இருக்கிறது என்று நம் உடம்புக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. அங்கே இடது பக்கம் உட்காருகிறோம். வண்டி நமக்கு வலதுபுறம் நீண்டு கிடக்கிறது. ஆனால் கண், சாலையில் நாம் வழக்கமாக இருக்கிற இடத்தைத் தேடும். விளைவு, வண்டி மெல்ல மெல்ல வலதுபுறம் ஒதுங்கும். வலதுபுறச் சக்கரங்கள் தாரை விட்டு ஜல்லியில் இறங்கும். "ஐயோ" என்று ஸ்டியரிங்கை இடதுபுறம் வெடுக்கென்று ஒடிப்போம். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில், உயரமான எஸ்.யு.வி.யில், அப்படி ஒடித்தால் வண்டி உருளும். ஜல்லியில் இறங்கிவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். நேராகவே போகட்டும். வேகம் தானாகக் குறைந்த பிறகு மெதுவாக மேலே ஏற்றுங்கள். இந்தப் பேச்சில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்று யாராவது சொன்னால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வேகப் பலகையில் இருப்பது மைல். 65 என்றால் 105 கிலோமீட்டர்.

எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதற்கு எந்த ஊருக்கும் பொருந்துகிற ஒரு சூத்திரம்: ஓட்டுகிறவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். இங்கே வலதுபுறம் உட்கார்ந்தாலும் நடுக்கோடு நம் பக்கம். அங்கே இடதுபுறம் உட்கார்ந்தாலும் நடுக்கோடு நம் பக்கம். நடுக்கோடு பக்கத்து சீட்டுக்காரர் பக்கம் தெரிந்தால் நாம் தப்பான பக்கத்தில் போகிறோம். போக்குவரத்து நிறைய இருக்கும்போது பயமில்லை, மற்ற வண்டிகளைப் பார்த்தே போய்விடலாம். விடிகாலையில் பெட்ரோல் பங்கிலிருந்தோ மோட்டலிலிருந்தோ காலியான சாலையில் ஏறும்போதுதான் கை தானாகப் பழைய பக்கத்துக்குப் போகும். அந்த நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "வலது பக்கம், வலது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். மனைவி சொன்னால் கோபம் வரக்கூடாது என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பங்களும் மாறிவிடும். இங்கே இடதுபுறம் திரும்புவது சின்னத் திருப்பம், வலதுபுறம் பெரிய வளைவு. அங்கே வலது சின்னது, இடது பெரியது. எதிரே நேராக வருகிற வண்டிகளுக்கு விட்டுக்கொடுத்துத்தான் இடதுபுறம் திரும்ப வேண்டும். சிவப்பு விளக்கிலும் முழுதாக நின்று பார்த்துவிட்டு வலதுபுறம் திரும்பலாம், கூடாது என்று பலகை இல்லாவிட்டால். நியூயார்க் நகரத்துக்குள் அதுவும் கூடாது. எண்கோணச் சிவப்புப் பலகையில் ஸ்டாப் என்று இருந்தால் உண்மையாகவே நிற்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருமே இல்லாவிட்டாலும். நாலு பக்கமும் ஸ்டாப் பலகை இருந்தால் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். நம் ஊரில் முதலில் மூக்கை நுழைத்தவர் போவார்; அங்கே அது செல்லாது.

கை, கால் பழக்கமும் இடறும். நம் மாருதி, ஹூண்டாய் வண்டிகளில் இண்டிகேட்டர் குச்சி வலதுபுறம்; அங்கே இடதுபுறம். முதல் நாள் திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஆடும், பேரன் சிரிப்பான். அது பரவாயில்லை. கிளட்ச் வண்டி ஓட்டிப் பழகிய இடது கால் அப்படி இல்லை. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் என்று நினைத்து அகலமான பிரேக்கை மிதித்தால் வண்டி குத்திட்டு நிற்கும், பின்னால் வருகிறவர் மோதுவார். இடது காலை உள்ளே மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். காலியான பார்க்கிங்கில் அரை மணி ஓட்டிப் பார்க்காமல் சாலையில் ஏறாதீர்கள். விமானத்தில் இருபது மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்த மறுநாள் ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம்.

இங்கே நாம் ஹெட்லைட்டை அடித்தால் "நான் வர்றேன், நீ நில்லு" என்று அர்த்தம். அங்கே பெரும்பாலும் "நீங்க போங்க" என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரே சைகை, நேர் எதிரான அர்த்தம்.

போலீஸ் நிறுத்தினால் இங்கே நாம் இறங்கிப் போய், "சார்" என்று ஆர்.சி. புத்தகத்தைக் காட்டுவோம். மரியாதை என்று நினைத்துச் செய்கிறோம். அங்கே இறங்கக் கூடாது. ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரிகிற மாதிரி வைத்து உட்கார்ந்திருங்கள். சொன்ன பிறகு லைசென்ஸை எடுங்கள்.

வண்டியே ஓட்டாத தாத்தா பாட்டிகளுக்கும் ஒன்று. காலை நடைக்குப் போகும்போது சாலையைக் கடக்க நாம் முதலில் வலதுபுறம் பார்ப்போம். அங்கே முதலில் வண்டி வருவது இடதுபுறத்திலிருந்து. பேரனை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் போவதும் நடக்காது. கலிபோர்னியாவில் எட்டு வயது ஆகும் வரை குழந்தைக்குப் பின் சீட்டில் தனி இருக்கை கட்டாயம். உயரமான குழந்தைக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

காகிதங்கள்: சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம், ஒரு வருஷம் செல்லும். அசல் லைசென்ஸையும் கூடவே எடுத்துப் போகவேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருக்கிறவர்தான் ஓட்டலாம். "கொஞ்ச நேரம் நான் ஓட்டுறேன்" என்கிற அப்பாவின் பெயர் அதில் இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் சிக்கலாகிவிடும்.

கடைசியாக, வெயிலும் வண்டியும் சேர்கிற இடம்.

டெத் வேலிக்குள் பல மைல் தூரத்துக்கு செல்போன் சிக்னல் கிடையாது. பெட்ரோல் இரண்டு மூன்று இடத்தில்தான். மேட்டில் ஏறும்போது ஏ.சி.யை அணைக்கச் சொல்லிப் பலகை இருக்கும். கேலி என்று நினைக்காதீர்கள். எஞ்ஜின் சூட்டு முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரைப் போடுங்கள். அந்த வெயிலில் ஹீட்டரா என்றால், ஆமாம்; எஞ்ஜினின் சூட்டை அது வெளியே இழுக்கும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டுப் போகாதீர்கள். தேடி வருகிறவர் கண்ணுக்கு வண்டி தெரியும், நடந்து போகிற மனுஷன் தெரியமாட்டான்.

1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவர்கள் இருவர், சிறுவர்கள் இருவர். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வேன் வாடகைக்கு எடுத்து, டெத் வேலிக்குள் போனார்கள். திரும்பவில்லை. அக்டோபரில் மேலேயிருந்து ஹெலிகாப்டர்காரர்கள் ஒரு மலை இடுக்கில் வேனைப் பார்த்தார்கள். சாதாரண வேன் போகக்கூடாத மண் பாதை. மூன்று டயரில் காற்று இல்லை. ஆட்கள் இல்லை. பெரிய தேடுதல் நடந்தும் கிடைக்கவில்லை. 13 வருஷம் கழித்து, 2009இல், விடாமல் தேடின இரண்டு தனி ஆட்கள் வேனுக்குத் தெற்கே பல மைல் தள்ளிப் பெரியவர்களின் எலும்புகளைக் கண்டுபிடித்தார்கள்.

ஏன் ஆளே இல்லாத தெற்குப் பக்கம் நடந்தார்கள்? கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஒரு காரணம் ஊகித்தார். வரைபடத்தில் அந்தத் திசையில் ஒரு ராணுவத் தளத்தின் எல்லை இருக்கிறது. ஜெர்மனியில் ராணுவ எல்லை என்றால் வேலியும் காவலும் ரோந்தும் இருக்கும். அங்கே போனால் யாராவது காப்பாற்றுவார்கள் என்று நினைத்திருக்கலாம். அமெரிக்கப் பாலைவனத்தில் அந்த எல்லை வெறும் கோடு. நிச்சயமாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களும் தங்கள் ஊரில் தெரிந்ததை வைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்தச் சின்னப் பையன்களைப் பற்றி இன்னும் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை என்றே படித்தேன்.

ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போகும் என்று நம்பாதீர்கள். கடும் வெயிலில் காற்று மெலிந்துவிடும். விசிறிக்குப் பிடிமானம் இருக்காது. 2024 ஜூலையில் 53 டிகிரி வெயிலில் மோட்டார் சைக்கிளில் போன ஒரு குழு மாட்டிக்கொண்டது, ஒருவர் இறந்தார். மருத்துவ ஹெலிகாப்டரால் அங்கே வர முடியவில்லை, வெயில்தான் காரணம்.

ஆகவே தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள், கூகுள் குறுக்கு வழி காட்டினாலும். வாடகை ஒப்பந்தமும் பெரும்பாலும் மண் பாதையைத் தடை செய்திருக்கும். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காலை பத்து மணிக்குள் பார்க்கிறதைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி நேரத்துக்கு முன்னால் ஒன்று. துபாய் போகிறவர்கள் எழுந்து "எங்களுக்கு?" என்று கேட்பீர்கள். அங்கேயும் வலதுபுறம்தான் ஓட்ட வேண்டும். கடற்கரை ஊர் என்பதால் வெயில் நம் ஊர் மாதிரி புழுக்கத்தோடு அதிகம், ஈரத் துண்டு உதவாது. சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியாவில் ஓட்டுகிற பக்கம் நமதுதான். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவனத்துக்கு மட்டும் தண்ணீர், வண்டி விஷயத்தில் நான் சொன்ன எல்லாம் பொருந்தும்.

ஃபாரன்ஹீட் கணக்கும், வண்டி ஜல்லியில் இறங்கினால் செய்ய வேண்டியதும், ஹீட் ஸ்ட்ரோக் முதலுதவியும் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் வாட்ச்மேனிடம் சாவி கொடுக்கும்போது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோனால் பி பிளாக்கில் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், மறுபடி அச்சடித்துத் தருகிறேன். டீ ஆறுவதற்குள் வாருங்கள்.